ஜஸ்டினாவின் அரை முடிச்சு

என் நாத்தனார் ஜஸ்டினா தீசன் ஓய்வுபெறும் வயது வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னால் கூச்சல் போடும் பிள்ளைகளை அவள் ஒருநாளும் திட்டியதில்லை. தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான், வண்டி முழுக்க கப்சிப். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ஆனாலும் தபால் ஆபீஸில் அவளைப் பார்த்துவிட்டால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நேராக நிற்பார்கள்.

ஜஸ்டினாவின் அம்மா சின்ன வயதிலேயே செத்துப்போய்விட்டாள். கடைசித் தம்பியான என் கணவர் கார்னியை இடுப்பில் வைத்துக்கொண்டே மாடு கறந்து வளர்த்தவள் ஜஸ்டினாதான். அதனால் எனக்கு நாத்தனாரும் மாமியாரும் ஒரே ஆளில் வந்து வாய்த்தார்கள். கல்யாணமான புதிதில் நான் வைத்த முட்டைக்கோஸ் சூப்பை ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல கிரேத்தா. இனிமே யாருக்காவது வெந்நீர் வேணும்னா உன்கிட்ட அனுப்புறேன்" என்றாள். நான் சும்மா இருக்கிற ஆளா? "அனுப்புங்க அக்கா, உங்க ரொட்டியைத் தின்னு தொண்டை அடைச்சவங்களுக்கு அது தேவைப்படும்" என்றேன். கார்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். அன்று தொடங்கிய வாய்ச்சண்டை நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியது.

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பெண்கள் கூடி ஒட்டுப்போர்வை செய்வோம். செத்துப்போனவர்களின் கால்சட்டை, கிழிந்த திரைச்சீலை, யாருக்கும் பிடிக்காத மேஜைவிரிப்பு, எது வந்தாலும் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்துவிடுவோம். போர் நடக்கிற இடம், வெள்ளம் வந்த இடம் என்று வசந்தகாலத்தில் லாரி வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகும். யார் போர்த்திக்கொள்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் பெற்றோரும் ரஷ்யாவிலிருந்து இந்த வின்னிபெக் பக்கத்துக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தபோது யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த போர்வையைத்தான் போர்த்திக்கொண்டார்கள்.

இந்தப் போர்வைகளுக்கு அழகுத் தையல் கிடையாது. மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு, அடியில் ஒரு பழைய படுக்கைவிரிப்பு. மூன்றையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் கம்பளி நூலை ஊசியால் கீழே விட்டு மேலே எடுத்து இரண்டு நுனியையும் முடிச்சுப் போடுவோம். முதல் பாதியில் வலது நுனி இடதுக்கு மேலே போக வேண்டும். இரண்டாவது பாதியில் இடது நுனி வலதுக்கு மேலே. அப்படிப் போட்டால் போர்வை கிழிந்தாலும் முடிச்சு அவிழாது. இரண்டு தடவையும் வலதையே மேலே போட்டால் பார்வைக்கு அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும். ஒரு தடவை துவைத்தால் போதும், நழுவிக்கொண்டு வந்துவிடும். எங்களுக்குள் அதற்குப் பெயர் பொய் முடிச்சு.

பொய் முடிச்சைக் கண்டுபிடிப்பதில் ஜஸ்டினாவை மிஞ்ச ஆள் கிடையாது. சட்டத்தைச் சுற்றி நடந்துகொண்டே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொரு முடிச்சையும் ஒரு சுண்டு சுண்டுவாள். "இது யார் போட்டது? பன்னிக்குட்டிக்குக் கயிறு கட்டுனியா?" என்று கேட்பாள். கீழ்த்தளத்துச் சாவியும் அவளிடம்தான் இருந்தது. நாங்கள் எல்லோரும் போன பிறகு கடைசியில் கதவைப் பூட்டுவதும் அவள்தான். "சாவியை மட்டும் யார்கிட்டயும் குடுக்க மாட்டாளே மகராசி, ராணின்னு நெனப்பு" என்று காரில் ஏறும்போது நான் முணுமுணுத்ததை அகநேத்தா கேட்டிருக்கிறாள். அகநேத்தா என்பவள் எங்கள் கூட்டத்தில் நாய்க்குட்டி தும்மினால்கூடக் கண் கலங்குகிறவள். அவள் கேட்டது வெளியே போகாது.

சூரியகாந்தி அறுவடை சமயத்தில் ஜஸ்டினாவுக்கு லேசான பக்கவாதம் வந்தது. நல்லவேளை, பேச்சு திரும்பிவிட்டது. வாய் ஓரம் மட்டும் கொஞ்சம் இழுத்தபடி நின்றுவிட்டது. காரோட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பேருந்தையே ஓட்டினவளுக்கு இந்தப் பயல் லைசென்ஸ் பிடுங்குறான்" என்று ஒரு வாரம் குமுறினாள். அதன்பிறகு அவள் மகள் மார்லீஸ் செவ்வாய்தோறும் காலையில் கொண்டுவந்து விட்டு, மூன்று மணிக்கு வேலையிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போவாள். சாவி என் கைக்கு வந்தது. கொடுக்கும்போது, "தொலைச்சேன்னா உன் தோலை உரிச்சு அதுலயும் ஒரு போர்வை தச்சிடுவேன்" என்றாள். அவள் தேறிவிட்டாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் வாரங்களில் ஒருநாள் நான் முடிந்த போர்வை ஒன்றின் மேல் காபியைக் கொட்டிவிட்டேன். சட்டத்துக்குப் பக்கத்தில் காபி கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். அதை எழுதினவளும் ஜஸ்டினாதான். அன்று நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னால் வெட்கம். கோபத்தோடு போர்வையை வீட்டுக்கு எடுத்துவந்து மெஷினில் போட்டேன். வெளியே எடுத்து விரித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க முடிச்சுகள் அவிழ்ந்து கம்பளி நூல் புழுப்போலத் தொங்கியது. பஞ்சு எல்லாம் ஒரு மூலைக்குப் போய் உருண்டு கிடந்தது. மற்ற மூன்று பக்கமும் கல் மாதிரி நின்றது. அவிழ்ந்தது சட்டத்தில் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒட்டுத்துணிகளை வைத்து நினைவுபடுத்திப் பார்த்தேன். வடக்குப் பக்கம். வடக்கு மூலை நாற்காலியில் ஜஸ்டினாவைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்தது கிடையாது.

நான் அந்தப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு துவைக்கிற அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கவாதம் அவள் பேச்சை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கை இரண்டு தடவையும் ஒரே பக்கம் போகிறது.

அடுத்த செவ்வாய் மூன்று மணிக்கு அவள் போன பிறகு மற்றவர்களிடம் காட்டினேன். அகநேத்தா உடனே கைக்குட்டையை எடுத்துவிட்டாள்.

"சொல்லிடாதே கிரேத்தா, உனக்குப் புண்ணியமாப் போகும். அவளுக்கு இருக்கறதே இந்த செவ்வாக்கிழமைதான். இதையும் பிடுங்கிட்டா வீட்ல சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்துடுவா."

"அதுக்காக? பஞ்சு உருண்ட போர்வையை அனுப்பறதா? குளிர்ல கெடக்கறவன் என்ன பாவம் பண்ணான்?"

"நாம திருத்திடுவோம். அவ போனதும் உக்காந்து அவ பக்கத்தை அவுத்துக் கட்டிடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. முகத்துக்கு நேராகச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த உறவு எங்களுடையது. அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்து நூல் அவிழ்ப்பது திருட்டு மாதிரி இருந்தது. ஆனால் அவள் வீட்டுச் சுவரும் எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க செவ்வாய்தோறும் மார்லீஸின் கார் திரும்புவதை ஜன்னலில் பார்த்துவிட்டு வடக்குப் பக்கத்தை அவிழ்த்துக் கட்டினோம். வெளியே மூச்சு உறைகிற குளிர். வீட்டுக்குப் போனால் கார்னி, "இன்னிக்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்பார். "உங்க அக்காவைக் கேளுங்க" என்று எரிந்துவிழுவேன். அந்த மனிதர் என்ன செய்வார் பாவம், வானத்தைப் பார்ப்பார்.

பனி உருகத் தொடங்கிய சமயம், ரோண்டா என்று ஒரு பெண் நகரத்திலிருந்து எங்கள் ஊருக்குக் குடிவந்து, கூட்டத்திலும் சேர்ந்தாள். நல்ல பெண், கொஞ்சம் பயந்த சுபாவம். இரண்டாவது வாரமே ஜஸ்டினா அவள் முடிச்சைச் சுண்டினாள். நூல் கையோடு வந்தது.

"இது என்னம்மா?"

"முடிச்சுங்க."

"முடிச்சா? நான் ஏதோ நூல் படுத்துத் தூங்குதுன்னு நெனச்சேன். கேளு, இது பொய் முடிச்சு. இதைப் போட்டுக் குடுக்கறதுக்கு ஒண்ணும் குடுக்காமலே இருக்கலாம். போர்த்திக்கிறவனை ஏமாத்துற வேலை இது."

சுற்றி உட்கார்ந்திருந்த எங்களில் ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை. அகநேத்தா கத்தரிக்கோலைத் தேடுவது போல மேஜைக்கு அடியில் குனிந்தாள். நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜஸ்டினா எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். பேருந்துக் கண்ணாடியில் பார்க்கும் அதே பார்வை. பிறகு வடக்கு மூலைக்குப் போய் உட்கார்ந்தாள்.

மூன்று மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"மார்லீஸ் வந்திருப்பாளே அக்கா" என்றேன்.

"அஞ்சு மணிக்கு வரச் சொல்லிட்டேன்." கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நீங்க நடத்துங்க. நான் போனப்புறம் என்ன பண்ணுவீங்களோ அதைப் பண்ணுங்க. நான் பாக்கணும்."

பாவம் ரோண்டா, தன்னால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டாள். இனிமேலும் நடிக்க எனக்குப் பொறுமை இல்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் அன்று போட்ட முதல் முடிச்சில் ஊசியை விட்டு நெம்பினேன்.

"இப்படியா அவுப்பாங்க? நுனியை விடாதே, துணி கிழியும். ஊசியோட காதுப் பக்கத்தை விடு" என்றாள் ஜஸ்டினா.

திருப்பி ஊசியின் காதை விட்டேன். சுலபமாக வந்தது.

"எப்பத்துலேந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"கிறிஸ்துமஸ் கழிஞ்சதுலேந்து. நான் நூலை விரல் கணு நீளத்துக்கு வெட்டுவேன். அடுத்த வாரம் ஓரம் மடிச்சுத் தைக்க வரும்போது பாத்தா நுனி குட்டையா இருக்கு. அவுத்துக் கட்டினா நூல் தேயும், சீவி விடணும். இது தெரியாதா எனக்கு? உனக்கு வருஷக்கணக்கா அவுத்துக் கட்டினவ யாருன்னு நெனச்சே?"

"எனக்கா?"

"உனக்குத்தான். அதோ இழவு வீட்டுல உக்காந்த மாதிரி மூக்கைச் சிந்திக்கிட்டு உக்காந்திருக்காளே அகநேத்தா, அவளுக்கும்தான். பின்னே என்னத்துக்குடி சாவியை நான் வச்சிருந்தேன்? இந்த ஓட்டைக் கதவைப் பூட்டற ஆசையிலயா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ராணி என்று நான் வைத பெண்பிள்ளை, நாங்கள் போன பிறகு தனியாக உட்கார்ந்து எங்கள் அலங்கோலத்தையெல்லாம் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறாள். பகலில் பன்னிக்குட்டி, கயிறு என்று கத்தியது போதாமல் மாலையில் இந்த வேலை வேறு.

"இந்த வாயை வச்சிக்கிட்டு நீ ரெண்டு வாரம் தாங்குவேன்னு பாத்தேன். ஒரு குளிர்காலமே தாங்கிட்டே" என்றாள். பிறகு அவள் குரல் இறங்கியது. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். "இந்தச் சனியன் நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குது கிரேத்தா. வாயால சொல்லிக்கிட்டே போடறேன், அப்பவும் அது பாட்டுக்கு மேல ஏறுது. இப்ப நீ சொல்லு. நான் இங்க வரலாமா, வீட்டோட இருந்துடட்டுமா?"

"என்ன பேச்சு இது, நீங்க வராம..." என்று அகநேத்தா தொடங்கினாள்.

"உன்னைக் கேக்கல. நீ நல்லவ, நீ பொய் சொல்லுவே. இவளைக் கேக்கறேன்."

நாற்பது வருஷம் அவளுக்குப் பதில் சொல்ல நான் ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. அன்று யோசித்தேன். வா என்று சும்மா சொன்னால் அவளுக்கே பிடிக்காது. வராதே என்று சொல்ல என்னால் முடியாது. அவிழ்த்துக்கொண்டிருந்த முடிச்சையே பார்த்தேன். குளிர்காலம் முழுக்க அவள் முடிச்சை அவிழ்த்ததில் ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.

"உங்க முடிச்சு ஒண்ணுத்துக்கும் ஆகாது அக்கா" என்றேன். யாரோ மூச்சை இழுத்தார்கள். "ஒரு துவைப்பு தாங்காது. ஆனா முதல் பாதி என்னைக்குமே சரியாத்தான் இருக்கு. கெடறது ரெண்டாவது பாதிதான். முதல் பாதியைப் போட்டுட்டுக் கையை எடுத்துடுங்க. மிச்சத்தை நான் போடறேன்."



"நான் ஆரம்பிச்ச எதையும் நீ என்னைக்கு முடிக்க விட்டிருக்கே?" என்றாள். கோட்டைப் பக்கத்து நாற்காலியில் வீசினாள். ஊசியை எடுத்தாள். வலதை இடதுக்கு மேலே போட்டு இழுத்துவிட்டுக் கையை எடுத்தாள். நான் இடதை வலதுக்கு மேலே போட்டு இறுக்கினேன். அவள் சுண்டிப் பார்த்தாள்.

"ம். நிக்குது" என்றாள். "ரோண்டா, இங்க வந்து உக்காரும்மா. பாத்துக்கோ. ஒரு முடிச்சுக்கு ரெண்டு கிழவி."

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. வடக்கு மூலையில் இரண்டு நாற்காலி. அவள் முன்னால் போவாள், நான் பின்னாலேயே கட்டிக்கொண்டு போவேன். கம்பளி நூல் சொரசொரப்பானது. அரை முடிச்சாக விட்டாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும். நான் பின்தங்கினால் "தூங்கிட்டியா?" என்பாள். அவள் பின்தங்கினால் நான் விடுவேனா? வாய் ஒருநாளும் ஓயவில்லை. எங்கள் சண்டையைக் கேட்பதற்கென்றே வருகிறேன் என்று ரோண்டா சொன்னாள். அந்தப் பெண் இப்போது நன்றாக முடிச்சுப் போடுகிறாள்.

போன மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை மார்லீஸ் வந்து சாவி கேட்டாள். "அம்மாவை நாளைக்கு வின்னிபெக்ல கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன் அத்தை. செவ்வாய் வர முடியாதாம். இன்னிக்கே போய்த் தன் பங்கை முடிச்சு வைக்கணுமாம். இல்லேன்னா நீங்க சும்மா உக்காந்து காபி குடிப்பீங்களாம்."

"காபி குடிக்கிறது என் இஷ்டம்னு சொல்லு" என்று சாவியைக் கொடுத்தேன். மாலையில் சாவி திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மார்லீஸ் போன் செய்தாள். கிளம்புவதற்காக எழுப்பப் போனபோது அம்மா எழுந்திருக்கவில்லை என்றாள். தூக்கத்திலேயே போயிருக்கிறாள். கார்னி போனைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். வானத்தில் பார்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் காபி, பன் என்று ஏற்பாடு செய்ய வேண்டுமே என்று அன்று காலையே கீழ்த்தளத்தைத் திறந்தேன். விளக்கைப் போட்டதும் சட்டம் தெரிந்தது. நீலமும் பழுப்புமாக ஒரு போர்வை. வடக்குப் பக்கம் மட்டுமல்ல, நான்கு பக்கமும், நடுவிலும், ஒவ்வொரு சதுரத்திலும் அரை முடிச்சு போட்டு வைத்திருந்தாள். எல்லாம் இடதுக்கு மேலே வலது. எல்லாம் எனக்காகத் திறந்து கிடந்தன.

மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். அகநேத்தா விம்மிக்கொண்டே, "இதை இப்படியே எடுத்து மார்லீஸ்கிட்ட குடுத்துடலாம். இல்லே பெட்டியில அவ மேலயே போட்டுடலாம்" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்றேன். "பெட்டியில அவளுக்குக் குளிராது. நல்ல போர்வையை மண்ணுல போட்டீங்கன்னா எழுந்து வந்து நம்ம எல்லாரையும் கேப்பா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். யாரையும் தொட விடவில்லை. வலதுக்கு மேலே இடது, இழு. வலதுக்கு மேலே இடது, இழு. அழுகை வந்தபோது அழுதேன். கை மட்டும் நிற்கவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து தூங்கிட்டியா என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை.

வடக்கு மூலையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அங்கே, மூலைச் சதுரத்தில், ஒரு முடிச்சு மட்டும் அரையாக இல்லை. முழுசாகப் போட்டிருந்தது. நூல் அங்கே மட்டும் பிசிறு பிசிறாகத் தேய்ந்து மெலிந்துபோய், அடியில் துணியும் நைந்து பஞ்சுபஞ்சாக நின்றது. போட்டு அவிழ்த்து, போட்டு அவிழ்த்து, திங்கட்கிழமை மதியத்தில் பாதியை அவள் அந்த ஒரு முடிச்சில் செலவழித்திருக்கிறாள்.

கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துச் சுண்டினேன். இன்னொரு தடவை, பலமாகவே இழுத்துப் பார்த்தேன். அவிழவில்லை.

"என்ன கிரேத்தா, அது சரியா இருக்கா? திருத்தணுமா?" என்று அகநேத்தா கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன். "இது அவளே போட்டது."

ஏப்ரலில் லாரி வந்தது. நீலப் போர்வையை மற்றவற்றோடு மூட்டையில் வைத்துக் கட்டி ஏற்றி அனுப்பினோம்.